பாசனத்துக்கு நாற்பதாயிரம் கன அடி

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருவராவது அப்படிச் சொல்லியிருந்தால் முத்துப்பேச்சிக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். கட்டுப்பாட்டு அறையின் திரையில் ஐந்து கட்டங்கள் இருந்தன. ஐந்திலும் ஒரே வாசகம் பச்சை எழுத்தில் நின்றது: ‘சம்மதம். ஏனையோரின் சம்மதம் கிடைத்த பிறகு.’

மணி பதினொன்று பத்து. வல்லம்பாறை அணையில் தண்ணீர் நூற்று முப்பத்தெட்டு அடிக்கு வந்திருந்தது. மலையில் மூன்று நாளாகத் தென்மேற்குப் பருவமழை விடாமல் கொட்டியது. அரை மணிக்கு ஓர் அடி ஏறிக்கொண்டிருந்தது. நூற்று நாற்பத்து மூன்றைத் தாண்டினால் தண்ணீர் வடக்குப் பக்கத்து மண்கரைமேல் வழியும். மண்கரை வழிந்தால் கரைந்துவிடும். கரைந்தால் ஏழு கிலோமீட்டர் கீழே இருக்கும் நல்லாம்பட்டணமும் அதில் இருக்கும் அறுபதாயிரம் பேரும் என்ன ஆவார்கள் என்பதைப் பேச்சி கணக்குப் போட்டுப் பார்க்க விரும்பவில்லை.

அவள் அணையின் உதவி செயற்பொறியாளர். அவள் கேட்டது ஒன்றுதான். ஷட்டர்களைத் தூக்கி விநாடிக்கு நாற்பதாயிரம் கன அடி உபரிநீரை ஆற்றில் விட அனுமதி. விட்டால் தண்ணீர் பட்டணத்தைத் தொடாமல் ஆற்றோடு போய்விடும். ஆற்றுக்கு நடுவே இருக்கும் மூன்று திட்டூர்கள் மட்டும் மூழ்கும். அனுமதி வந்த நொடியிலேயே அங்கே அபாயச் சங்கு ஊதும். ஜனங்கள் மேட்டுக்கு ஏறிவிடலாம். வீடு போகும், உயிர் போகாது. ஆனால் நூற்று நாற்பத்தோரு அடிக்குள் திறந்தாக வேண்டும். அதற்குமேல் திறந்தாலும் வருகிற வேகத்தை ஷட்டர்களால் பிடிக்க முடியாது. ஒன்றரை மணி நேரம் இருந்தது.

“மேடம், கல்யாண வீட்டுல அஞ்சு சம்பந்தகாரன ஒரே பந்தியில உக்கார வச்சா இப்படித்தான்” என்றார் வண்டிமலையான். அவர் ஷட்டர் ஆபரேட்டர். ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது. “எல போட்டாச்சு, சோறு ஆறுது. மொதல்ல கை வைக்கது யாருன்னு ஒருத்தன் மொகத்த ஒருத்தன் பாத்துக்கிட்டே இருப்பான்.”

பேச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடியும் விண்ணப்பத்தை அனுப்பினாள். ஒரு நொடியில் அதே ஐந்து பதில்கள்.

அந்த ஐந்து கட்டங்களில் இருந்தவை மனிதர்கள் அல்ல. நிழல்கள்.

ஒற்றைக் கட்சியின் ஆட்சி விழுந்தபோது ஐந்து கட்சிகள் சேர்ந்து அரசு அமைத்தன. ஒருவரை ஒருவர் நம்பாத ஐந்து கட்சிகள். அதனால் ஐவரும் சம்மதிக்காமல் எந்த ஆணையும் கிடையாது என்று சட்டம் எழுதிக்கொண்டார்கள். முதல் இரண்டு வருடம் ஒரு மருத்துவமனைக்கு மருத்துவரை நியமிக்க எட்டு மாதம் ஆனது. அதற்குப் பிறகுதான் நிழல்கள் வந்தன. ஒவ்வொரு தலைவரின் இருபது வருடப் பேச்சு, கோப்புக் குறிப்பு, தொலைபேசி உரையாடல் எல்லாவற்றையும் ஊட்டி வளர்த்த இயந்திர மூளை. தலைவர் என்ன முடிவு எடுப்பாரோ அதை நிழல் எடுக்கும், ஒரு நொடியில். ரேஷன் கடை, சாலை, பள்ளிக்கூடக் கூரை என்று தேங்கிக் கிடந்த ஆணைகளெல்லாம் மளமளவென்று வந்தன. மூன்று வருடம் நாடு நிழலில் சுகமாகத்தான் இருந்தது. அந்த மூன்று வருடத்தில் ஒருவருக்கு நல்லதும் இன்னொருவருக்குக் கெட்டதுமான ஆணை எதுவும் அவசரமாகத் தேவைப்படவில்லை.

பேச்சி தலைநகரத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். நிழல்களைப் பராமரிக்கும் அதிகாரி கிருபாகரன் எடுத்தார். இயந்திரத்தில் கோளாறு, உடனே சரிசெய்யுங்கள் என்று அவள் படபடத்தாள்.

“கோளாறு ஒண்ணும் இல்ல மேடம். ரொம்ப நல்லா வேலை செய்யுது. அதான் பிரச்சினை.”

“புரியல சார்.”

“தலைவர் எப்படியோ அப்படித்தான் நிழல். யாருக்காவது பாதிப்பு வர்ற ஃபைல்ல இந்த அஞ்சு பேர்ல ஒருத்தர் முதல் கையெழுத்துப் போட்டு நீங்க பாத்திருக்கீங்களா? ‘பேசவும்’னு எழுதுவாங்க. ‘பிற துறைகளின் கருத்தறிக’ன்னு எழுதுவாங்க. இருபது வருஷ ஃபைலையும் குடுத்துத்தான் பழக்கினோம். அதுங்க அதையும் கத்துக்கிச்சு.”

“முன்னாடியெல்லாம் எப்படித்தான் சார் கையெழுத்து ஆச்சு?”

“முன்னாடி யாராவது ஒருத்தர் களைச்சுப் போவாரு. ராத்திரி தூங்கணுமேன்னு போட்டுக் குடுத்துடுவாரு. இல்லன்னா வீட்ல பொண்ணு ஏதாவது சொல்லும். நிழலுக்குக் களைப்பு கிடையாது மேடம். அது வருஷக்கணக்குல காத்திருக்கும்.”

தலைவர்களையே நேரில் பிடிக்க முடியாதா என்று கேட்டாள். ஐந்து எண்களையும் கொடுத்தார். நிழலை விலக்கிவிட்டுத் தலைவரே முடிவெடுக்க வழியுண்டு, ஆனால் அதற்கும் ஐவரின் சம்மதம் வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அடுத்த நாற்பது நிமிடம் அதில் போயிற்று. ஒருவர் விமானத்தில் இருந்தார். ஒருவரின் உதவியாளர், நிழல் சம்மதித்தால் அண்ணன் சம்மதித்த மாதிரிதானே, பிறகு எதற்கு அண்ணனைத் தொந்தரவு செய்கிறீர்கள் என்று கோபித்துக்கொண்டார். இருவர் எடுக்கவில்லை. ஒருவர் மட்டும் தானே பேசினார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. நான் எப்போதோ சம்மதித்துவிட்டேனே அம்மா, மற்ற நாலு பேரைக் கேளுங்கள் என்றார். திட்டூர்கள் மூன்றும் அவர் தொகுதியில் இருந்தன.

பேச்சி தொலைபேசியை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். சேற்று நிறத் தண்ணீர் ஷட்டர்களில் மோதிச் சுழன்றது. ஷட்டர் மேடையில் முன்பு கையால் சுற்றும் சக்கரங்கள் இருந்தன. அவற்றைக் கழற்றிய இடத்தில் சிமெண்டு பூசிய வட்டங்கள் தெரிந்தன. இப்போது ஐவரின் ஆணை வராமல் ஷட்டர்களின் பூட்டு விலகாது. அந்தச் சக்கரங்களைக் கழற்றச் சொல்லிக் கோஷம் போட்டவர்களில் அவளும் ஒருத்தி.

பத்தொன்பது வருடத்துக்கு முன்பு, ஒற்றைக் கட்சியின் ஆட்சியில், இதே அணையில் ஒரே ஒருவர் தொலைபேசியில் சொன்னார், திறக்காதே என்று. ஆற்றோரத்தில் அவருடைய மைத்துனருக்கு வாழைத்தோட்டம் இருந்தது. தார் வெட்டி முடிய இரண்டு நாள் வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் இரவு அதே ஒருவர் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திற என்றார். பேச்சியின் அப்பா பஸ் கண்டக்டர். தரைப்பாலத்தில் பஸ்ஸோடு போனார். அப்போது பேச்சி பொறியியல் கல்லூரியில் மூன்றாம் வருடம். அப்பாவின் படத்தைப் பிடித்துக்கொண்டு ஊர்வலத்தில் நடந்தாள். ஒருவர் கையில் சாவி வேண்டாம் என்று மனுவில் கையெழுத்துப் போட்டாள். அது தவறென்று இன்றைக்கும் அவளால் சொல்ல முடியாது.

பன்னிரண்டு மணிக்குச் சொரிமுத்து கூப்பிட்டார். அவள் கணவர், மூன்று திட்டூர்களில் ஒன்றான நடுத்திட்டில் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர். ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் அங்கேதான் இருப்பார். அங்கே வெயில் அடிக்கிறதாம். மலையில் மட்டும் கறுப்பாகத் தெரிகிறது, உங்கள் மழையில் கொஞ்சம் இங்கே தள்ளிவிடக் கூடாதா என்று கேலி செய்தார். கார் பருவ நெல் நடவுக்குத் தண்ணீர் எப்போது திறப்பீர்கள் என்று ஊரே தன்னைத்தான் நச்சரிக்கிறது, அணையில் வேலை பார்ப்பவளைக் கட்டியதற்கு இதுதான் பலன் என்றார்.

பேச்சி நிலைமையைச் சொன்னாள். அவர் கேலியை நிறுத்திவிட்டார். பிள்ளைகளைத் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குக் கொண்டுபோகவா என்று கேட்டார். ஆணை வராமல் அதைச் சொல்ல அவளுக்கு அதிகாரம் இல்லை. கொண்டு போங்கள் என்றாள்.

பன்னிரண்டு பதினைந்து. நூற்று நாற்பது அடி தாண்டியது.

வண்டிமலையான் நாற்காலியில் உட்கார முடியாமல் அறைக்குள் நடந்துகொண்டே இருந்தார். அவருக்குக் கோபம் வந்தால் பழையதை எடுப்பார். “இதே ஆளுகதான மேடம் போன ஆனியில கார் தண்ணி தொறக்க வந்தாவ. மேடையில என்ன தள்ளுமுள்ளு. நான்தான் மொதல்ல அமுக்குவேன்னு ஆளாளுக்கு. கடைசியில அஞ்சு பித்தான் வச்சு ஒரு மேச பண்ணிக் குடுத்தோம். அஞ்சு பேரும் ஒரே சமயத்துல அமுக்குனாவ, பூவ வீசுனாவ. அந்தப் பித்தான் ஒண்ணுலயும் வயரே கெடையாது. நான் கீழ நின்னு தொறந்தேன்.”

பேச்சி திரும்பினாள். “அன்னைக்கு ஆர்டருக்கு எவ்வளவு நேரம் ஆச்சு அண்ணாச்சி?”

“எங்க நேரம் ஆச்சு? நீங்க அனுப்பிட்டுக் கைய எடுக்குமுன்ன அஞ்சு சம்மதமும் வந்துட்டு.”

அவள் வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். உபரிநீர் விண்ணப்பத்தை மூடினாள். இன்னொரு படிவத்தைத் திறந்தாள். ‘பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பு – கார் பருவம்.’ முறைப்படி இன்னும் பத்து நாள் கழித்து அனுப்ப வேண்டியது. அளவு என்ற கட்டத்தில் போன வருடம் ஆயிரத்து இருநூறு கன அடி என்று போட்டிருந்தாள். இப்போது நாற்பதாயிரம் என்று அடித்தாள். படிவம் ஏற்றுக்கொண்டது. ஆணை எந்தப் பெயரில் வந்தாலும் திறப்பது இதே ஷட்டர்களைத்தான். பாசனத்துக்கு இவ்வளவு தண்ணீரை யாராவது கேட்பார்கள் என்று படிவம் செய்தவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

வண்டிமலையான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். புரிய ஒரு நிமிடம் பிடித்தது.

“மேடம், இதுல சங்கு ஊதாது.”

“தெரியும்.”

அபாயச் சங்கு உபரிநீர் ஆணையோடு மட்டும்தான் இணைக்கப்பட்டிருந்தது. திட்டூர்களில் கம்பத்தின் உச்சியில் அது இருந்தது. இங்கிருந்து கையால் ஊத வழியில்லை.

அனுப்பும் பொத்தானை அவள் அழுத்தவில்லை. கையில் இருபது நிமிடம் இருந்தது. கடைசி நிமிடம்வரை திட்டூர்களுக்குச் சொல்லுவது, அதற்குப் பிறகு அழுத்துவது. தண்ணீர் போய்ச் சேர இன்னும் நாற்பது நிமிடம் ஆகும். மொத்தம் ஒரு மணி நேரம். வண்டிமலையானையும் அறையில் இருந்த மற்ற மூன்று ஊழியர்களையும் தொலைபேசியில் உட்கார வைத்தாள். ஊராட்சித் தலைவர்கள், தீயணைப்பு நிலையம், ரேஷன் கடைக்காரர், யார் எண் இருந்ததோ அவர்களுக்கெல்லாம் சொன்னார்கள். கிராம நிர்வாக அலுவலர் எழுத்தில் ஏதும் வரவில்லையே என்றார். எழுத்தில் வரும்போது நீங்கள் தண்ணீருக்குள் இருப்பீர்கள் என்றார் வண்டிமலையான்.

கிருபாகரனுக்கும் பேச்சி சொன்னாள். அவர், நீங்கள் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை மேடம், லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். அவரால் செய்ய முடிந்த உதவி அவ்வளவு.

பிறகு சொரிமுத்துவைக் கூப்பிட்டாள்.

“பன்னெண்டு முப்பத்தெட்டுக்குத் தொறக்கப் போறேன். சங்கு ஊதாது. நீங்கதான் சங்கு.”

“ஆர்டர் வந்துட்டா?”

“வரும். எப்படி வருதுன்னு கேக்காதீய.”

அவர் கேட்கவில்லை. “பிள்ளைய அறுவத்திரண்டும் மேட்டுல இருக்கு. சத்துணவு டீச்சர் கூட நிக்காவ. நான் தெருத்தெருவா போறேன். நீ சாப்டியா?”

இல்லை என்றாள். சாப்பிடு என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அடுத்த கால் மணி நேரம் நல்ல செய்திகளாக வந்தன. கீழத்திட்டில் டிராக்டர்களில் ஆட்களை ஏற்றுகிறார்கள். மணல்திட்டில் கோயில் மணியை அடிக்கிறார்கள். நடுத்திட்டில் வாத்தியார் சைக்கிளில் கத்திக்கொண்டே போகிறார், வெயில் காயும்போது என்ன வெள்ளம் என்று சிலர் சிரித்தாலும் முக்கால்வாசிப் பேர் நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பன்னிரண்டு முப்பத்தெட்டு. நீர்மட்டம் நூற்று நாற்பத்தோரு அடிக்கு இரண்டு விரற்கடை கீழே.

பேச்சி அழுத்தினாள்.

ஐந்து கட்டங்களும் அவள் கண் இமைப்பதற்குள் மாறின. ‘மகிழ்ச்சியுடன் சம்மதம்.’ ‘முழுமனதுடன் சம்மதம்.’ ‘முதல் சம்மதம் என்னுடையதாகப் பதிவு செய்யப்பட வேண்டும்.’ முதல் சம்மதம் யாருடையது என்று அடுத்த விநாடியே ஐந்து நிழல்களுக்குள்ளும் தகராறு தொடங்கியது. திரையின் ஓரத்தில் அது ஓடிக்கொண்டே இருந்தது. பூட்டு விலகியது. வண்டிமலையான் படியிறங்கி ஓடினார். பன்னிரண்டு ஷட்டர்களும் முனகிக்கொண்டே எழுந்தன. தரை அதிர்ந்தது. தண்ணீரின் சத்தத்தில் அறையில் யார் பேசுவதும் கேட்கவில்லை.

அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் நாதஸ்வரம் கேட்டது.

மேசையில் இருந்த எல்லாத் தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் வாசித்தன. பேச்சி ஒன்றை எடுத்துப் பார்த்தாள். ஐந்து தலைவர்களின் சிரித்த முகங்கள். கீழே வாசகம்: ‘ஐவரின் ஒருமித்த ஆணைப்படி கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கப்பட்டது. விவசாயப் பெருமக்கள் புதுநீரை மகிழ்வுடன் வரவேற்பீர்.’

பாசன ஆணை பிறந்தவுடன் ஆற்றோரத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் வாழ்த்துச் செய்தி போகும். போன வருடமும் போனது. அதற்கு முந்தின வருடமும் போனது. சங்கு ஊதாது என்பதை அவள் யோசித்தாள். நாதஸ்வரம் வாசிக்கும் என்பதை யோசிக்கவில்லை.

சொரிமுத்துவின் எண் கிடைக்கவில்லை. மறுபடியும் கிடைக்கவில்லை. ஏழாவது முறை எடுத்தார். மூச்சு வாங்கியது.

“என்ன பேச்சி இது? சனமெல்லாம் திரும்பிட்டு.”

“அது பொய்யிங்க. நாந்தான் பாசனம்னு போட்டு அனுப்புனேன். வேற வழியில தொறக்க முடியல.”

“எனக்குப் புரியுது. அவியளுக்கு எப்படிச் சொல்ல? அஞ்சு பேரு படமும் போட்டு வந்திருக்கு. ஒத்த வாத்தியார் பேச்ச எவன் கேப்பான்? பொம்பளைய எல்லாம் மஞ்சளும் பூவும் எடுத்துக்கிட்டுப் படித்துறைக்குப் போறாவ.”

“நீங்க தொட்டி மேட்டுக்குப் போங்க.”

“பிள்ளைய அங்க பத்திரமா இருக்கு. இவியள கூப்பிட்டுட்டு வந்துருதேன்.”

“ஏங்க.”

“இன்னும் நேரம் கெடக்குல்லா. வச்சிருதேன்.”

அரை மணி நேரம் இருந்தது. புதுநீர் வரும்போது திட்டூர்ப் பெண்கள் படித்துறையில் இறங்கி, முதல் அலை காலில் படும்வரை நிற்பார்கள். மஞ்சளைக் கரைத்து விட்டு, பூவைப் போட்டு, குலவை இடுவார்கள். நல்ல வருடத்தில் அந்த முதல் அலை கணுக்கால் உயரம் இருக்கும். உயிர் பிழைத்தவர்கள் பின்னால் சொன்னார்கள். வாத்தியார் படித்துறையில் ஒவ்வொருவர் கையாகப் பிடித்து இழுத்தாராம். பாதிப் பேர் அவருக்காகவே மேலேறினார்கள். வாத்தியாருக்கு வெயிலில் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே ஏறினார்களாம். மீதிப் பேரைக் கூப்பிட அவர் மறுபடியும் இறங்கினார். தண்ணீர் வரும் சத்தத்தை முதலில் லாரி என்று நினைத்தார்கள்.

பதினான்கு பேர். சொரிமுத்துவையும் சேர்த்து.

நல்லாம்பட்டணத்தில் ஒரு சொட்டுக்கூடப் புகவில்லை. மாலையில் கடைகள் வழக்கம்போலத் திறந்திருந்தன. மறுநாள் பேருந்து நிலையத்தில் ஐந்து தலைவர்களுக்கும் நன்றி சொல்லும் தட்டிகள் நின்றன. அந்த வழியாகத்தான் பேச்சி மருத்துவமனைக்குப் போனாள், கணவனை அடையாளம் காட்ட.

விசாரணை நான்கு மாதம் நடந்தது. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், நிதானமான மனிதர், ஒவ்வொரு காகிதத்தையும் படித்தவர். பேச்சி எதையும் மறைக்கவில்லை. வெள்ளத்தைப் பாசனம் என்று எழுதினேன், அது பொய் என்று தெரிந்தே எழுதினேன், வாழ்த்துச் செய்தியை மறந்துபோனேன், அந்தப் பதினான்கு பேரும் என்னால் போனவர்கள் என்று வாக்குமூலம் கொடுத்தாள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அறுபதாயிரம் பேர் பிழைச்சதும் உங்களாலதான், அதையும் சொல்லுங்க.”

“அதையும் எழுதிக்கோங்க. ரெண்டையும் என் பேர்ல எழுதுங்க ஐயா.”

“எழுத இடம் இல்லையேம்மா. முடிவெடுத்தவர்னு சட்டத்துல அஞ்சு இடம்தான் இருக்கு. அஞ்சும் நிரம்பியிருக்கு. நீங்க படிவத்தை அனுப்பினவங்க. அனுப்பினவங்க முடிவெடுத்தவங்க ஆக மாட்டாங்க.”

அப்படியானால் அந்த ஐந்து பேரில் யார் பொறுப்பு என்று அவள் கேட்டாள். ஐவரும் பாசனத்துக்குத்தான் சம்மதித்தார்கள், பாசனத்துக்குச் சம்மதிப்பது குற்றமல்ல என்றார். அவர் சொன்னது சட்டப்படி சரி. அவருக்கே அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அறிக்கையில் எவர் மீதும் தவறு காணப்படவில்லை. பரிந்துரை ஒன்றே ஒன்று: பாசனப் படிவத்தில் அளவுக்கு உச்சவரம்பு வைக்க வேண்டும். ஆயிரத்து ஐந்நூறு கன அடி. அந்தத் திருத்தத்துக்கு ஐந்து நிழல்களும் ஒரே நொடியில் சம்மதித்தன.

அறிக்கை வந்த மறுநாள் வண்டிமலையான் வீட்டுக்கு வந்தார். ஓய்வு பெற்றிருந்தார். இனிமேல் அந்தக் கதவையும் அடைத்துவிட்டார்கள் மேடம், அடுத்த மழைக்கு என்ன செய்வது என்று கேட்டார். பேச்சி, நடுத்திட்டுக்கு எந்த பஸ் போகிறது என்று அவரிடம் கேட்டாள்.

மூன்று ஊர்களிலுமாகப் பதின்மூன்று வீடுகள். தினம் ஒன்றிரண்டாகப் போனாள். வாசலில் நின்று தன் பெயரைச் சொல்லி, தண்ணீரைத் திறந்தது நான்தான் என்று சொன்னாள். சில வீடுகளில் வாத்தியார் சம்சாரமா என்று அழுதார்கள், அவளையும் அழச் சொன்னார்கள். சில வீடுகளில் நீ என்ன செய்வாய், மேலிடத்து ஆர்டர் என்று அவளைச் சமாதானப்படுத்தினார்கள். அந்தச் சமாதானம்தான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

பதின்மூன்றாவது வீடு பிச்சம்மாளுடையது. பீடி சுற்றும் பெண், ஐம்பது வயதிருக்கும். பத்தொன்பது வயது மகள் மாரிக்கனி படித்துறையில் போனவள். பேச்சி சொல்லி முடிக்கும்வரை பிச்சம்மாள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். பிறகு எழுந்து உள்ளே போய் ஐந்து கடிதங்களைக் கொண்டுவந்து தரையில் போட்டாள். ஐந்து கட்சியின் இரங்கல் கடிதங்கள். ஐந்திலும் ஒரே வாசகம், கையெழுத்து மட்டும் வேறு.

“அஞ்சு மாசமா அலையுதேன்” என்றாள். “தாலுகா ஆபீசுல கேட்டேன், யாரு தொறந்தான்னு. அரசாங்கம்னான். கலெக்டர் ஆபீசுல கேட்டேன். அஞ்சு பேருங்கான். அந்த அஞ்சுல யாருன்னு கேட்டா, நெழலுங்கான். நெழல போயி நான் எங்க புடிச்சு உலுக்க? ஒவ்வொரு நாளும் வாய்க்குள்ள வருது, முழுங்கிக்கிடுதேன். யாரப் பாத்து ஏச?”

பிச்சம்மாள் ஓரடி முன்னால் வந்தாள்.

“நீதான் தொறந்தியா?”

“நான்தான்.”

“பாசனம்னு நீதான் போட்டியா? அதப் பாத்துட்டுத்தான எம்பிள்ள பூவ எடுத்துக்கிட்டு ஓடுனா.”

“நான்தான் போட்டேன்.”

பிச்சம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு மணையை எடுத்து வாசலில் போட்டாள்.

“உக்காருட்டி.”

பேச்சி உட்கார்ந்தாள். பிச்சம்மாள் எதிரே உட்கார்ந்து ஏசத் தொடங்கினாள். முதலில் குரல் தயங்கியது. பிறகு தடையில்லாமல் வந்தது. பேச்சியின் படிப்பை ஏசினாள், கையை ஏசினாள், அவளைப் பெற்றவளை ஏசினாள், அவள் மூட்டிய அடுப்பு எரியாமல் போகட்டும் என்றாள். நடுநடுவே மகள் தாவணியை எப்படி உடுத்துவாள், எந்தக் குழம்பு பிடிக்காது, தறிக்கார வீட்டுப் பையன் ஒருவன் எப்படித் தெருவையே சுற்றி வந்தான் என்பதெல்லாம் ஏச்சோடு கலந்து வந்தது. தெருவில் கூடிய ஆட்களை, போங்க சோலியப் பாத்து, நாங்க பேசிக்கிட்டிருக்கோம்லா என்று விரட்டினாள். பேச்சி எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. தலையைக் குனியவும் இல்லை. அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு, சொன்னதையெல்லாம் வாங்கிக்கொண்டாள்.

வெயில் இறங்கி ஐந்து மணி பஸ் வரும் சத்தம் கேட்டபோது பிச்சம்மாளுக்குக் குரல் கம்மிவிட்டது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, தான் பாதி குடித்து, மீதியைப் பேச்சிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“பஸ்ஸுக்குப் போ” என்றாள்.

பேச்சி தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தாள். தெருமுனைக்குப் போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“நாளைக்கும் வருவியா?”